சிங்கப்பூரா, பின்லாந்தா?

கோபியில் தங்கச்சி வீட்டுத் திண்ணையில் பத்து நாளாக இதே பேச்சு. மாப்பிள்ளைக்கு இரண்டு நாட்டிலும் வேலை கிடைத்திருக்கிறது. பாப்பாவுக்கு ஆறு வயது, பள்ளியில் சேர்க்க வேண்டும். அதனால் இரண்டு நாட்டுப் பள்ளிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

நிர்வாகம்
சிங்கப்பூர்: பாடத்திட்டம், ஆசிரியர் நியமனம் இரண்டும் கல்வி அமைச்சகத்தின் கையில்.
பின்லாந்து: அடிப்படைப் பாடத்திட்டம் மட்டும் தேசிய அளவில், பள்ளியை நடத்துவது பெரும்பாலும் உள்ளூர் நகராட்சி. ஆய்வாளர் முறையை 1990-களின் தொடக்கத்திலேயே எடுத்துவிட்டார்கள். ஆய்வு என்றதும் முந்தின நாளே நோட்டுக்கெல்லாம் அட்டை போடச் சொல்லும் பதற்றம் அங்கே இல்லை. வகுப்பாசிரியருக்கே முதுகலைப் பட்டம் வேண்டும். அப்புறம் அவரை நம்பி விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

தேர்வு
சிங்கப்பூர்: ஆறாம் வகுப்பு முடிவிலேயே நாடு தழுவிய தேர்வு.
பின்லாந்து: மேல்நிலைக் கல்வி முடிவில்தான்.

செலவு
சிங்கப்பூர்: வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு மாதக் கட்டணம் உண்டு, அரசுப் பள்ளியில் இடமும் உறுதியில்லை.
பின்லாந்து: கட்டணம் இல்லை. 1948 முதல் மதியச் சாப்பாடும் இலவசம்.

தமிழ்
சிங்கப்பூரில் அது ஆட்சிமொழி, பள்ளிப் பாடமும்கூட. பின்லாந்தில் பெரும்பாலும் வீட்டில் நாம்தான் சொல்லித்தர வேண்டும்.

பாப்பா தமிழ் எழுதப் படிக்க வேண்டும், அப்பத்தாவைப் பார்க்க அடிக்கடி வர வேண்டும் என்றால் சிங்கப்பூர். பரீட்சை பயமில்லாமல் வளர வேண்டுமென்றால் பின்லாந்து. என் ஓட்டு பின்லாந்துக்கு. தங்கச்சியிடமும் அதைத்தான் சொன்னேன்.