நாதஸ்வரம் கேட்க எந்த ஸ்பீக்கர்?

உயர்ரக ஸ்பீக்கர்களை அலசுகிறவர்கள் பெரும்பாலும் ஜாஸ், பியானோ வைத்துத்தான் தீர்ப்புச் சொல்கிறார்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ லட்சக்கணக்கில் செலவழித்து ஒரு ஜோடி வாங்குகிறவருக்கு அது போதாது. அதனால் ஹார்பெத் பி3இஎஸ்ஆர், கெஃப் எல்எஸ்50 மெட்டா, கிளிப்ஷ் ஹெரசி 4 மூன்றையும் நம் சங்கீதத்தை வைத்தே கேட்டேன். கேட்ட இடம் ஓட்டு வீட்டுக் கூடம். சிமெண்ட் தரை, வெற்றுச் சுவர், ஒரு பக்கம் திறந்த முற்றம்.

முதலில் ஹார்பெத். 1977-ல் இந்தக் கம்பெனியைத் தொடங்கிய டட்லி ஹார்வுட், பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தவர். அங்கே மனிதக் குரல்தான் ஸ்பீக்கருக்கு உரைகல். அது இன்றும் காதில் தெரிகிறது. சாகித்தியத்தின் ஒவ்வொரு எழுத்தும் உருக்குலையாமல் வருகிறது. தஞ்சாவூர் வீணையில் ஒரே மீட்டில் இழுக்கும் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் குழைவு, கடைசி இழை வரை கேட்கிறது. நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பழைய இசைத்தட்டுப் பதிவுகளுக்கும் இதுதான் உகந்தது. அவற்றில் இருப்பதே நடு ஒலிதான்.

தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கதை மாறுகிறது. சின்ன மூடிய பெட்டி. பேஸ் எனும் அடி ஒலி இயல்பாகவே குறைவு. முற்றம் திறந்திருக்கும் கூடத்தில் அந்தப் பேஸும் வெளியே போய்விடுகிறது. தவில் எங்கேயோ அடுத்த தெருவில் வாசிப்பதுபோல் ஆகிவிடுகிறது.

ஹெரசிக்கு இந்தக் கஷ்டமே இல்லை. அடி ஒலிக்கு 12 அங்குல வூஃபர், நடு ஒலிக்கும் மேல் ஒலிக்கும் புனல் போன்ற ஹார்ன். கொடுக்கும் மின்சாரத்துக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்ற கம்பெனிக் கணக்கில் இது 99 டெசிபல், ஹார்பெத் 83.5. ஹெரசி ஒரு வாட்டில் தருகிற சத்தத்தைத் தர ஹார்பெத்துக்கு 30 வாட்டுக்கு மேல் வேண்டும். இந்த வித்தியாசம் தவிலில் அப்பட்டமாகத் தெரியும். தவிலின் வலது முகமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் படபடப்பது தனியாக, இடது முகமான தொப்பியில் பூவரசங்கழி விழுவது தனியாக, எவ்வளவு வேகமான ஃபரன் எனும் சொற்கட்டு அடுக்கிலும் ஒன்றோடொன்று குழம்பாமல் வருகின்றன. நீண்ட நாதஸ்வரமான பாரி நாயனம் மேல் ஷட்ஜத்தில் நிற்கும்போது காது கூசுவதில்லை, ஸ்பீக்கர் திணறுவதில்லை. ஹார்ன் சத்தத்தை ஒரே திசையில் செலுத்துவதால் வெற்றுச் சுவரில் பட்டுத் திரும்பும் இரைச்சலும் குறைவு. அடியில் சாய்வுப் பீடம் வைத்துத் தரையிலேயே நிற்கிறது. பாய் விரித்து உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு வசதி. பெண் குரலில் மட்டும் லேசாக மூக்கொலி சேர்கிறது. வாய்ப்பாட்டே உயிர் என்பவர்களுக்கு இது உறுத்தும்.

கெஃப் மூன்றிலும் சுத்தமானது. ஸ்பீக்கர் கூம்பின் நடுவிலேயே மேல் ஒலி தரும் ட்வீட்டர் இருப்பதால் ஊஞ்சலில் இருப்பவருக்கும் தூணோரம் இருப்பவருக்கும் ஏறக்குறைய ஒரே ஒலி. ஆனால் 85 டெசிபல்தான், நல்ல ஆம்ப்ளிஃபயர் கேட்கும். மேளத்தில் ஹார்பெத்தை விடத் தைரியம் அதிகம், ஹெரசியிடம் நிற்காது. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளியின் அந்த ஈரமான உராய்வு இதில் கொஞ்சம் காய்ந்து கேட்கிறது.

என் ஓட்டு ஹெரசிக்கு. டெல்டா வீட்டில், கூடத்தில் வைத்து, மேளம் கேட்பதென்றால் இது ஒன்றுதான் கோயில் வாசலில் நிற்கும் சத்தத்தின் கிட்டே வருகிறது. கதவு மூடிய சின்ன அறை, பாட்டும் வீணையும்தான் என்றால் யோசிக்காமல் ஹார்பெத் வாங்கலாம். ஹெரசி வாங்குகிறவர்கள் பின்புறம் பேஸ் துளை இருப்பதால் சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள்; முன்னால் தரையில் ஒரு தடித்த ஜமக்காளமும் விரித்துவிடுங்கள்.