காப்பர் டி-யும் கொட்டும் பீரியட்ஸும்: நான்கு வருட அனுபவம்

காப்பர் டி, அதாவது கர்ப்பம் தரிக்காமல் இருக்கக் கருப்பைக்குள் வைக்கும் செம்புச் சாதனம், போட்டுக்கொண்டு நான்கு வருடம் தாண்டிவிட்டது. கருத்தடை என்ற அளவில் அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மாதாமாதம் வரும் அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான். போடுவதற்கு முன் விசாரித்தபோது இரண்டு வகை பதில்தான் கிடைத்தது. ஒரு கூட்டம் "போட்டதே தெரியவில்லை" என்றது. இன்னொரு கூட்டம் "ரத்தம் கொட்டித் தீர்த்தது, எடுத்துவிட்டேன்" என்றது. நான் இந்த இரண்டிலும் சேராத ஆள். எனக்கும் கொட்டியது, ஆனால் எடுக்கவில்லை. நடுவில் என்னென்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இது.

முதலில் ஏன் காப்பர் டி? எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. அதுவும் வலி வருவதற்கு முன் கண்ணில் வளைவு வளைவாக ஒளி மின்னும் வகை. அப்படிப்பட்டவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை ஆகாது. பக்கவாத ஆபத்து கூடும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு ஹார்மோன் எதுவுமே வேண்டாம் என்ற மனநிலையிலும் இருந்தேன். நான் போட்டிருப்பது 380ஏ என்ற வகை, பத்து வருடம் வேலை செய்யக்கூடியது. இதில் ஹார்மோன் கிடையாது. செம்பிலிருந்து கசியும் அயனிகள் விந்தணுக்களைச் செயலிழக்கச் செய்கின்றன. இதைப் போட்டிருக்கும் நூறு பேரில் ஒரு வருடத்தில் கர்ப்பமாகிறவர் ஒருவருக்கும் குறைவு. போடும்போது சில நிமிடம் நன்றாகவே வலித்தது, அவ்வளவுதான்.

அப்புறம் வந்தது முதல் பீரியட்ஸ். அதற்கு முன் எனக்கு ஐந்து நாளில் முடிந்துவிடும். இப்போது ஒரு வாரத்தைத் தாண்டி இழுத்தது. இரண்டாம் நாள்தான் மோசம். காலையில் படுக்கையை விட்டு எழுந்து நின்றதும் குபுக்கென்று இறங்கும். குளியலறை வரை போவதற்குள் பேட் நிறைந்திருக்கும். தும்மினால் பயம், குழந்தையைத் தூக்கினால் பயம். கட்டி கட்டியாக, ஒரு பெரிய நாணயம் அளவுக்குப் போனது. இரவில் ஒன்றின் பின்னால் ஒன்றாக இரண்டு பேட் வைத்து, அடியில் பழைய கறுப்புத் துண்டை விரித்துப் படுத்தும் நடுராத்திரி எழுந்து மாற்ற வேண்டியிருந்தது. அக்காவுக்குப் போன் பண்ணிப் புலம்பினால் அவள் ஒரே வார்த்தையில் முடித்தாள்: "எடுத்துப் போட்டுட்டு வேற வேலையைப் பாருடி."

டாக்டர் சொன்னது வேறு. "மூணுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் இப்படித்தான் இருக்கும்மா, போகப் போகச் சரியாகிடும்." அது பொய்யில்லை. செம்பு கருப்பைக்குள் இருக்கும்போது அதன் உட்சுவரில் லேசான அழற்சி ஏற்படுகிறது, புராஸ்டகிளாண்டின் என்ற வேதிப்பொருள் அதிகமாகச் சுரக்கிறது. வலியும் ரத்தப்போக்கும் கூடுவது அதனால்தான். உடம்பு பழகப் பழகப் பலருக்கு இது குறையும். ஆனால் அந்த ஆறு மாதம் வரை என்ன செய்வது என்பதற்கு "சரியாகிடும்" என்பது பதிலே இல்லை. நம் ஊர்ப் பெண்களிடம் பொறுத்துக்கொள் என்று தனியாக வேறு சொல்ல வேண்டுமா என்ன? நானாகக் கேட்ட பிறகுதான் மற்ற வழிகளெல்லாம் வந்தன.

அடுத்த தடவை போகும்போது "ரொம்பப் போகுது" என்று மட்டும் சொல்லாமல் கணக்கோடு போனேன். பேட் எவ்வளவு நனைந்திருக்கிறது என்பதைப் படத்தோடு ஒப்பிட்டுப் புள்ளி போடும் ஒரு கணக்கு முறை இருக்கிறது, 1990-இல் வெளியானது, டாக்டர்களுக்குத் தெரியும். பேட் லேசாக நனைந்திருந்தால் 1 புள்ளி, ஓரளவு நனைந்திருந்தால் 5, முழுதாக நனைந்திருந்தால் 20. சின்ன கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. ஒரு பீரியட்ஸ் முழுக்கக் கூட்டி 100-ஐத் தாண்டினால் அது அதிகப்போக்கு. அதாவது சுமார் 80 மில்லிக்கு மேல் ரத்தம் போயிருக்கிறது என்று அர்த்தம். சாதாரணமாகப் போவது 30, 40 மில்லிதான். போனில் குறித்துக்கொண்டே வந்தேன். இரண்டாம் நாள் ராத்திரியே நூறு தாண்டிவிட்டது. அந்தப் பட்டியலைக் காட்டியதும் பேச்சின் தொனியே மாறியது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதைச் செய்யாவிட்டாலும் இதை மட்டும் செய்யுங்கள்.

மாத்திரைக்கு வருகிறேன். எனக்கு முதலில் எழுதித் தந்தது மெஃபனமிக் ஆசிட், 500 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, சாப்பிட்ட பிறகு. பலரும் இதை வலி மாத்திரை என்று மட்டும் நினைத்து, வலி தாங்கவில்லை என்றால்தான் போடுகிறார்கள். ஆனால் இந்த வகை மாத்திரைகள் புராஸ்டகிளாண்டினைக் குறைப்பதால் போக்கும் குறைகிறது. அதனால் வலிக்காகக் காத்திருக்காமல் போக்கு ஆரம்பித்ததுமே தொடங்கி, அதிகமாக இருக்கும் நாட்கள் முழுவதும் எடுக்க வேண்டும். ஐபுப்ரோஃபென், நாப்ராக்சன் எல்லாம் இதே குடும்பம்தான். ஆஸ்பிரின் மட்டும் வேண்டாம், அது போக்கைக் கூட்டக்கூடும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருப்பவர்கள் கேட்காமல் இதில் எதையும் தொடக்கூடாது.

இதில் வலி நன்றாகவே அடங்கியது, போக்கு ஓரளவுக்கு. மிச்சத்துக்கு டிரானெக்ஸாமிக் ஆசிட் சேர்த்தார்கள். இது ஹார்மோனும் இல்லை, வலி மாத்திரையும் இல்லை. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்துவைப்பது இதன் வேலை. போக்கு அதிகமாக உள்ள நாட்களில் மட்டும்தான் எடுப்பது. ஏற்கெனவே காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டி வந்தவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள். எனக்கு உண்மையான வித்தியாசம் இதில்தான் தெரிந்தது: ராத்திரி எழாமல் தூங்கினேன்.

ஆனால் போக்கைவிட என்னை அதிகம் படுத்தியது அதன் பின்விளைவு, அதைப் பற்றி யாரும் முன்கூட்டிப் பேசவே இல்லை. முடி கொத்துக் கொத்தாக வந்தது. மாடி ஏறினால் மூச்சு வாங்கியது. ராத்திரி கால்கள் சும்மா இருக்காமல் துறுதுறுத்தன. ஐஸ்கட்டியை எடுத்துக் கடித்துத் தின்னும் ஆசை வேறு. இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு அப்படி வரும் என்பது பிறகுதான் தெரியும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12-ஐ ஒட்டி இருந்தது. 12-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை என்பதால் "நார்மல்" என்று அச்சடித்தே வந்தது. ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். உடம்பு சேமித்து வைத்திருக்கும் இரும்பின் அளவு அதில் தெரியும். அது 15-க்கும் கீழே. ஹீமோகுளோபின் மாதச் சம்பளம் என்றால் ஃபெரிட்டின் வங்கிச் சேமிப்பு. எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது, சேமிப்பு காலி.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆச்சரியமே இல்லை. ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் போச்சு. சாப்பாட்டிலிருந்து உடம்பு உறிஞ்சுவது நாளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம்தான், அதிலும் ஒன்று அன்றாடச் செலவுக்கே போய்விடும். அதனால் "நல்லா சாப்பிடு" என்பதோடு விட்டுவிட்டால் இந்தப் பள்ளம் நிரம்பாது. இரும்பு மாத்திரை வேண்டும். எனக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார்கள். ஒரு வேளை போட்டதும் அடுத்த ஒரு நாளுக்கு உடம்பே உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்கிறது என்பதுதான் காரணம், மலச்சிக்கலும் குறையும். காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை எல்லாவற்றிலிருந்தும் ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதமாவது தொடர வேண்டும், அப்போதுதான் சேமிப்பு நிரம்பும். முடி கொட்டுவது நிற்க இன்னும் நாளானது.

இன்னொரு விஷயம். போக்கு திடீரென்று கூடினால் எல்லாப் பழியையும் செம்பின் மேல் போட்டுவிட முடியாது. சாதனம் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தாலும் அப்படி ஆகும், முதல் வருடத்தில்தான் அது அதிகம் நடப்பது. எனக்கு ஸ்கேனில் சரியான இடத்தில்தான் இருந்தது. கூடவே கருப்பையில் நார்க்கட்டி, பாலிப் என்ற சதை வளர்ச்சி எதுவும் இல்லை என்றும் தெரிந்தது, தைராய்டும் பார்த்தார்கள். ஒவ்வொரு பீரியட்ஸும் முடிந்ததும் சாதனத்திலிருந்து தொங்கும் நூலை விரலால் தொட்டுப் பார்க்கிறேன். நூல் தட்டுப்படவில்லை, அல்லது கெட்டியாக ஏதோ முனை தட்டுப்படுகிறது என்றால் பரிசோதிக்கும் வரை ஆணுறை அவசியம். மென்ஸ்ட்ருவல் கப் போடுகிறவர்கள் எடுக்கும்போது அடிப்பாகத்தை அழுத்திக் காற்று நுழையவிட்டு, பிடிப்பை விடுவித்த பிறகே இழுக்க வேண்டும், இல்லையென்றால் சாதனமும் சேர்ந்து வந்துவிடலாம். எனக்கு அந்தப் பயம் போகவில்லை, பேடோடு நிறுத்திக்கொண்டேன்.

மணிக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து நனைந்தாலோ, தலை சுற்றினாலோ, காய்ச்சலோடு நாற்றமடிக்கும் வெள்ளைப்போக்கு வந்தாலோ காத்திருக்கக் கூடாது. நாள் தள்ளிப்போய் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தாலும் உடனே போக வேண்டும். காப்பர் டி இருக்கும்போது கர்ப்பம் அபூர்வம்தான், ஆனால் தரித்தால் அது கருக்குழாயில் இருக்க வாய்ப்பு அதிகம்.

இப்போது எப்படி இருக்கிறது? பாதி வருடத்துக்குப் பிறகு குறைய ஆரம்பித்தது, ஒரு வருடத்தில் ஒரு நிலைக்கு வந்தது. பழைய ஐந்து நாள் திரும்பி வரவில்லை. இரண்டாம் நாள் இன்றும் இரண்டாம் நாள்தான், ஆனால் மாத்திரை கையில் இருப்பதால் வெளியே போக முடிகிறது. வருடம் ஒருமுறை ஃபெரிட்டின் பார்த்துவிடுகிறேன்.

முன்பே அதிகம் போகிறவர்களுக்கும் ரத்தசோகை உள்ளவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்களுக்கு லெவோநார்ஜெஸ்ட்ரல் ஹார்மோன் உள்ள சாதனம் பொருத்தம். முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படுத்தினாலும் பிறகு போக்கு வெகுவாகக் குறையும், சிலருக்கு நின்றேவிடும். நாற்பதைத் தாண்டி எனக்குப் போக்கு மறுபடி கூடினால் நானும் அதற்குத்தான் மாறுவேன். போட்டு ஆறு மாதம் பார்த்தும், மாத்திரை எடுத்துப் பார்த்தும் முடியவில்லை என்றால் எடுத்துவிடுங்கள், யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. எடுப்பதற்குச் சில நிமிடம்தான் ஆகும், போடுவதைவிட வலி குறைவு. ஆனால் அன்றிலிருந்தே கர்ப்பம் தரிக்க வாய்ப்பு உண்டு என்பதால் அடுத்த கருத்தடை என்ன என்பதை முடிவு செய்துகொண்டு போங்கள்.