கொட்டாஞ்சேனையில ஒரு சின்ன பிரஸ்: அப்பான்ர கல்வெட்டு அடிச்ச அனுபவம்

அப்பா 2025 ஆடியில மோசம் போனவர், 74 வயசு. செத்தவீட்டு அலுவலெல்லாம் சித்தப்பாவும் பக்கத்து வீட்டு ஆக்களும் பாத்திட்டினம், தம்பி ஸ்காபரோவில இருந்து வந்து பத்து நாளில திரும்பிப் போட்டான், எனக்கும் அம்மாவுக்கும் எண்டு மிஞ்சினது 31ம் நாள் செய்யிற அந்தியேட்டிக் கிரியைக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற கல்வெட்டு, அதாவது அப்பான்ர நினைவுப் புத்தகம், அடிக்கிற வேலைதான். அதுக்கு ரெண்டு கடை ஏறி இறங்கினனான், ரெண்டாவது கடையைப் பற்றித்தான் இந்த ரிவியூ.

முதல் கடை கொழும்பு வெள்ளவத்தையில, வீட்டுக்குக் கிட்ட, பேர் வேண்டாம். விபரத்தையும் போட்டோவையும் வட்ஸ்அப்பில போடுங்கோ எண்டாங்கள், அடுத்த நாளே புரூஃப் வந்திட்டுது, திறந்து பாத்தால் அப்பா கோட்டும் டையும் போட்டுக்கொண்டு இருக்கிறார். அப்பா சீவியத்தில கோட் போட்டதில்ல, கலியாணத்துக்கும் பட்டு வேட்டி சால்வைதான். நாலாம் குறுக்குத் தெருவில மொத்த வியாபாரக் கடை ஒண்டில கணக்குப்பிள்ளையா இருந்த மனுசன், வெள்ளைச் சேட், பொக்கற்றில ஒரு நீலப் பேனை ஒரு சிவப்புப் பேனை, அதுதான் எங்கட அப்பா. அம்மா போனை வாங்கிப் பாத்திட்டு ஒண்டும் கதைக்காமல் திருப்பித் தந்திட்டா.

அதைவிடப் பெரிய பிழை, செத்த திதியைச் சொல்லுற திதி வெண்பாவில. விசுவாவசு வருஷம் ஆடி மாதம் பூர்வபக்கத் தசமி, அவங்கள் அபரபக்கம் எண்டு போட்டுட்டாங்கள். அமாவாசையில இருந்து பறுவம் (பௌர்ணமி) வரைக்கும் பூர்வபக்கம், பறுவத்துக்குப் பிறகு வாறது அபரபக்கம், இதை வைச்சுத்தான் வருசா வருசம் திவசம் செய்யிறது, பக்கம் மாறினால் ரெண்டு கிழமை தள்ளிப்போடும். நாளைக்கு தம்பி கனடாவில இந்தப் புத்தகத்தைப் பாத்துத்தானே நாள் எடுக்கப் போறான்? சொன்னதுக்கு “வெண்பாவை ஆரும் வாசிக்கிறேல்ல அக்கா” எண்டார் டிசைன் செய்யிற பெடியன். குடுத்த 5,000 அட்வான்ஸை விட்டிட்டு வந்திட்டன்.

அம்மாவோட கோயிலுக்கு வாற ஒரு அன்ரி சொல்லித்தான் கொட்டாஞ்சேனைக்குப் போனது. ஜம்பட்டா வீதிப் பக்கம் ஒரு ஒழுங்கைக்குள்ள, மேல் மாடி, படி ஒடுக்கம், அம்மாவைக் கைபிடிச்சுத்தான் ஏத்தினனான். ஒரு ஐயாவும் அவற்ற மகளும்தான், வேற ஆக்கள் இல்ல. பேர் போடட்டோ எண்டு கேட்டனான், கனக்க வேலை வந்தால் ஒவ்வொண்டையும் இருந்து வாசிக்க ஏலாது, போடாத பிள்ளை எண்டிட்டார்.

வாசிக்கிறார், அதுதான் வித்தியாசம். நான் எழுதிக்கொண்டு போன வாழ்க்கை வரலாறு ரெண்டு பக்கம், “பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம்” எண்டு தொடங்கி கடைசி வரைக்கும் அப்படியே. கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசிச்சிட்டு, “பிள்ளை, இது எல்லா வீட்டு ஐயாவுக்கும் பொருந்தும், உங்கட ஐயா என்ன செய்தவர் எண்டதை எழுதுங்கோ” எண்டார். எனக்கு முதல் கோவம்தான் வந்தது. பிறகு அங்கயே அந்த வாங்கில இருந்து அம்மா சொல்லச் சொல்ல எழுதினனான். 83 ஆடிக் கலவரத்தில வீட்டை விட்டு ஓடி, பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமில இருந்து, கப்பலில காங்கேசன்துறைக்குப் போய் இறங்கினது, மூண்டு மாசத்தில அப்பா மட்டும் தனிய கொழும்புக்குத் திரும்பி வந்து ஒரு அறையில ஆறு பேரோட படுத்து மணியோடர் அனுப்பினது, 95 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு எங்களை இஞ்ச கூப்பிட்டு எடுக்க அவர் பட்ட பாடு. பிறகு தினமும் 101 பஸ்ஸில வேலையால வந்து இறங்கேக்க பையில ஏதாவது ஒண்டு இருக்கும், ஒண்டுமில்லாட்டி ரெண்டு கல் பணிஸ். பாதியில அம்மா அழத் தொடங்கிட்டா, ஐயான்ர மகள் பிளேன்ரீ கொண்டு வந்து வைச்சவ.

அப்பா ஒவ்வொரு நாளும் செலவுக் கணக்கு எழுதுறவர், சீஆர் கொப்பியில, 96இல இருந்து 20க்கு மேல கொப்பி வீட்டில இருக்கு. இதைக் கேட்டோண்ண ஐயா ஒண்டைக் கொண்டு வாங்கோ எண்டார். 96 கொப்பியில ஒரு பக்கத்தை ஸ்கான் பண்ணி பின் அட்டையில அப்படியே போட்டுத் தந்தவர். மகளுக்கு சப்பாத்து 385, மகனுக்கு இருமல் மருந்து, மனைவிக்கு வெள்ளி விரதத்துக்கு பழம், அரிசி, மண்ணெண்ணெய், கடைசி வரியில “எனக்கு சவர பிளேட் 1”. கோடு போட்டு சிவப்பால கூட்டியிருக்கிறார். அந்தச் சப்பாத்து எனக்கு நினைவிருக்கு, குதிப்பக்கம் கடிக்குது எண்டு நான் அழ, பஞ்சு வைச்சுத் தந்தவர்.

வேலை விசயத்துக்கு வாறன். நடுவில பின் அடிக்கிற புத்தகம் எண்டபடியால் பக்கம் நாலு நாலாத்தான் கூடும், எங்கட 16. ஆட் பேப்பர், அட்டை மட் லெமினேட். பஞ்சபுராணம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம் எல்லாம் அவரிட்ட ரெடியா இருக்கு, பிழை திருத்தினது. போனில அடிச்ச எழுத்தை பாமினி எண்ட பழைய எழுத்துருவுக்கு மாத்தேக்க கொம்பும் (ெ) அரவும் (ா) இடம் மாறும், அதுக்கெண்டே மகள் ஒருக்கா அவர் ஒருக்கா பாக்கினம். வெண்பாவில ஒரு இடம் தளை தட்டுது எண்டு தானே திருத்தினவர், திதியை பஞ்சாங்கத்தை எடுத்து வைச்சுச் சரி பாத்தவர். போட்டோவை வட்ஸ்அப்பில அனுப்பாமல் ஒரிஜினலைக் கொண்டு போங்கோ, வட்ஸ்அப்பில வாறது மங்கிப்போடும். எங்கட படத்தில கறையை மட்டும் எடுத்தவர், சேட்டும் ரெண்டு பேனையும் அப்படியே இருக்கு.

குறையையும் சொல்லத்தான் வேணும். சனிக்கிழமை தாறன் எண்டவர் திங்கள் பின்னேரம்தான் தந்தவர், லெமினேட் வெளியில குடுத்துச் செய்யிறது, புதன்கிழமை அந்தியேட்டி, எனக்கு ரெண்டு நாளும் நித்திரை இல்ல. போன் எடுக்கிறதும் குறைவு. கார்ட் இல்ல, காசுதான். வயசானவை அந்தப் படி ஏறுறது கஷ்டம். அவசரம் எண்டால் இது சரிவராது, குறைஞ்சது ரெண்டு கிழமை வைச்சுக் குடுங்கோ.

150 புத்தகம், ஒண்டு 280 ரூபா, மொத்தம் 42,000. கையில 40,000தான் இருந்தது, பிறகு தாங்கோ எண்டிட்டார். முகத்துவாரத்தில கிரியை முடிச்சு வீட்ட வந்து சாப்பாட்டுக்குப் பிறகு குடுத்தனாங்கள், சனம் பின் அட்டையைத்தான் முதல் பாத்தது, அப்பாவோட வேலை செய்த ஒரு மாமா அந்தக் கையெழுத்தை விரலால தடவிக்கொண்டே இருந்தவர்.

எல்லாரும் போனாப் பிறகு அம்மா அப்பான்ர கடைசிக் கொப்பியை எடுத்தவ. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முதல் நாள் அவர் எழுதின வரிக்குக் கீழ, புத்தகம் அடிச்ச காசு 40,000 எண்டு எழுதி, பாக்கி 2,000, சனிக்கிழமை குடுக்க வேணும் எண்டு சிவப்புப் பேனையால போட்டவ.