பொர்ல ரூம் போடலாமா, மைதன்பெக்ல போடலாமா? கிழக்கு செர்பியா செம்பு ஊர்கள் ரெண்டையும் வெச்சு ஒரு அலசல்

கிழக்கு செர்பியாவுக்கு கிளம்புறவங்க பெரும்பாலும் டான்யூப் ஓரமா ஒரு ரவுண்டு போயிட்டு, கோட்டை பார்த்து நாலு ஃபோட்டோ எடுத்துட்டு பெல்கிரேடுக்கு திரும்பிடுறாங்க. உள்ள மலைக்கு நடுவுல பொர், மைதன்பெக்னு ரெண்டு சுரங்க ஊரு இருக்கு, அதை யாரும் லிஸ்ட்லயே சேர்க்கிறதில்ல. ரெண்டுமே செம்பு தோண்டுற ஊரு, ரெண்டுக்கும் இன்னைக்கு முதலாளி ஒரே சீன கம்பெனி, ரெண்டையும் சுத்தி காடும் குகையும் ஆட்டு மந்தையும் இருக்கு. அதனால எதுல தங்கினாலும் ஒண்ணுதான்னு நினைப்பீங்க, ஆனா ரெண்டுலயும் கிடைக்கிற அனுபவம் வேற வேற. என் முடிவை முதல்லயே சொல்லிடறேன்: கார் இல்லாம போனா பொர், கார் இருந்து கையில நாளும் இருந்தா மைதன்பெக். ஒரே ஒரு ஊருக்குத்தான் நேரம் இருக்குன்னா யோசிக்காம பொர்.

பொர் பழைய ஊரே கிடையாது. 20ஆம் நூற்றாண்டு தொடக்கத்துல இங்க செம்பு கண்டுபிடிச்சு தோண்ட ஆரம்பிச்சதும் வளர்ந்த ஊரு. தேட வெச்சவர் ஜார்ஜ் வைஃபெர்ட்ங்கிற தொழிலதிபர், செர்பியாவோட 1000 தினார் நோட்டுல இருக்கிற முகம் அவருதான், சில்லறை மாத்தும்போது ஒரு நிமிஷம் பாருங்க. 1904ல பிரெஞ்சு கம்பெனி வந்தாச்சு, ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன்காரங்க எடுத்துக்கிட்டாங்க, அப்புறம் யூகோஸ்லாவியா அரசாங்கம், 2018ல சீனாவோட ட்ஸிஜின் கம்பெனி 63 சதவீத பங்கை வாங்கிடுச்சு. இந்த நூறு வருஷத்துல முதலாளி மாறினாங்களே ஒழிய தோண்டுறது நிக்கல. இப்போ ஊருக்குள்ள நடந்தா சீன எழுத்துல போர்டு தென்படும், கடையில சீன தொழிலாளிங்க சாமான் வாங்கிட்டு நிப்பாங்க, பெல்கிரேடுல இருந்து 200 கிலோமீட்டருக்கு மேல தள்ளி இருக்கிற ஒரு மலையோர ஊர்ல இதைப் பார்க்கிறப்போ உலக வியாபாரம்னா என்னன்னு நல்லாவே உறைக்கும்.

பொர்ல முதல் வேலையா பழைய குழி தெரியுற மேட்டுக்கு போங்க. ஊரை ஒட்டியே இருக்கு, நகரத்துக்கும் அதுக்கும் நடுவுல தூரமே கிடையாது. தெப்பக்குளத்துக்கு படி இறங்குற மாதிரி அடுக்கடுக்கா மலையை வெட்டி இறக்கியிருக்காங்க, ஒவ்வொரு அடுக்கும் ஒரு நிறம், ஒரு பக்கம் சாம்பல், ஒரு பக்கம் துரு, அங்கங்க மஞ்சள். இதுல தோண்டுறதை 1990கள்லயே நிறுத்திட்டாங்க, அதுக்கப்புறம் கழிவு மண்ணைக் கொட்டி ரொப்பிட்டு வர்றாங்க. அதைப் பார்த்த கையோட ஊருக்குள்ள இருக்கிற சுரங்க, உலோகவியல் மியூசியத்துக்கு போயிடணும். திறந்த வெளியில பழைய இயந்திரங்களை நிறுத்தி வெச்சிருக்காங்க, உள்ள ஏழாயிரம் வருஷத்துக்கு முந்தின செம்பு வேலையில இருந்து பிரெஞ்சு காலம் வரைக்கும் ஒரு கோர்வையா போகுது. இந்த மியூசியம் பார்க்காம குழி மட்டும் பார்த்தா அது வெறும் குழி, பார்த்துட்டா அது ஒரு வரலாறு. மைதன்பெக்ல இந்த மாதிரி எல்லாத்தையும் கோத்து சொல்ற இடம் கிடையாது, பொர் ஜெயிக்கிற முதல் இடம் இதுதான்.

ஜெர்மன் காலத்துக் கதை கனமானது, அதைத் தெரிஞ்சுக்கிட்டு போறது நல்லது. 1943, 44ல ஹங்கேரில இருந்து ஆயிரக்கணக்கான யூதர்களை இங்க கட்டாய வேலைக்கு கொண்டு வந்தாங்க. மிக்லோஷ் ராட்னோட்டிங்கிற ஹங்கேரி கவிஞர் அவங்கள்ல ஒருத்தர். பொர் பக்கத்து மலை முகாம்ல ஒரு சின்ன நோட்டுல கவிதை எழுதிட்டே இருந்தார், அங்கிருந்து நடத்திக் கூட்டிட்டு போற வழியில, 1944 நவம்பர்ல ஹங்கேரிக்குள்ள வெச்சு சுட்டுட்டாங்க. 1946ல புதைகுழியைத் தோண்டினப்போ அந்த நோட்டு அவர் கோட்டு பாக்கெட்ல இருந்துச்சு. அந்த மலைப் பாதையில பஸ்ல போகும்போது எனக்கு வேற எதுவும் பேசத் தோணல.

இப்போ பொரோட மைனஸ். காத்து. உருக்காலை ஊருக்குள்ளயே இருக்கு, கந்தக டை ஆக்சைடு அளவு பல வருஷமா இந்த ஊருக்கு பெரிய தலைவலி. சில நாள் தொண்டையில ஒரு காரல் வந்து உக்காந்துடும், தீப்பெட்டி உரசின வாசனை மாதிரி, காத்து திசை மாறினா சட்டுனு காணாம போயிடும். ஆஸ்துமா இருக்கிறவங்க, சின்னப் பிள்ளைங்களோட போறவங்க ஊர்ல தங்காம வெளிய தங்குங்க, இதுல சமரசமே வேண்டாம். இந்த புகை சண்டை இன்னைக்கு வந்ததும் இல்ல, 1935லயே சுத்துப்பட்டு கிராமத்து விவசாயிங்க பயிரெல்லாம் கருகுதுன்னு பிரெஞ்சு கம்பெனிக்கு எதிரா திரண்டு வந்திருக்காங்க. பக்கத்துல க்ரிவெல்னு ஒரு கிராமம், சுரங்கம் பெருசாகிட்டே வந்து கிராமத்தையே ஒட்டிடுச்சு, மொத்தமா எங்களை நல்லபடியா வேற இடத்துல குடியமர்த்துங்கன்னு கேட்டு 2024 ஆரம்பத்துல அந்த ஊர்ப் பொண்ணுங்க பாலத்தை மறிச்சு குளிர்ல உக்காந்தாங்க. எண்பது, தொண்ணூறு வருஷ இடைவெளியில அதே மலை, அதே செம்பு, அதே சண்டை. போறவங்க இதைத் தெரிஞ்சுக்கிட்டு போனாத்தான் அந்த மக்கள் கிட்ட மரியாதையா பேச முடியும்.

மைதன்பெக் வேற மாதிரி. ஊரு ரொம்ப சின்னது, சில ஆயிரம் பேர்தான், பள்ளத்தாக்குக்குள்ள நீளமா ஒட்டிக்கிட்டு இருக்கு, தலைக்கு மேல சுரங்கம். ஊருக்கு மேல ஸ்டாரிட்சான்னு ஒரு மலை முகடு, ஊருக்கு அது ஒரு தடுப்பு மாதிரி நிக்குது, அதை வெடி வெச்சு உடைக்கிறாங்கன்னு 2022ல ஆளுங்க மலை மேல ஏறிப் போய் போராட்டம் பண்ணாங்க. ஊருக்குள்ள செம்புக் குழாய் ஃபேக்டரி, தங்க நகை ஃபேக்டரின்னு ரெண்டு பேரு அடிக்கடி காதுல விழும், ஏன்னா இங்க செம்போட தங்கமும் வரும், பெக் ஆத்து மணல்ல தங்கம் சலிக்கிறது அந்தப் பக்கம் பழைய வழக்கம். ஆனா ஊரு மட்டும்னு பார்த்தா அரை நாள்ல முடிஞ்சிடும், சாயங்காலம் ஆனா காஃபி கடையை விட்டா போக்கிடம் இல்ல. பொர் பெரிய ஊரு, பார்க் இருக்கு, ஜூ இருக்கு, சாயங்காலம் குடும்பம் குடும்பமா நடக்குறாங்க, தங்குறதுக்கு அது எவ்வளவோ மேல்.

அப்புறம் எதுக்கு மைதன்பெக்னு கேட்டா, அதோட எல்லைக்குள்ள இருக்கிற ரெண்டு இடத்துக்காக. முதல்ல ருட்னா க்ளாவா. வின்ச்சாங்கிற கற்கால நாகரிகத்து ஆளுங்க கி.மு. 5000 வாக்குல இங்க செம்பு தோண்டியிருக்காங்க, ஐரோப்பாலயே ரொம்பப் பழைய செம்புச் சுரங்கங்கள்ல ஒண்ணு இது. பாறையை நெருப்பால சூடாக்கி, தண்ணி ஊத்தி விரிசல் விட வெச்சு, மான் கொம்பையும் கல்லையும் வெச்சு நெம்பி எடுத்திருக்காங்க. இரும்புத் தாது வெட்டப் போய்தான் 1960கள்ல இது வெளிய வந்துச்சு. பார்க்கப் போனா மலைச்சரிவுல சில பள்ளம்தான் இருக்கும், பிரம்மாண்டம் எல்லாம் எதிர்பார்க்காதீங்க, அங்க கிடைச்ச பொருள்ல ஒரு பகுதியை பொர் மியூசியத்துல பார்க்கலாம், அதனால மியூசியம் முதல்ல, இது அப்புறம்.

ரெண்டாவது லெபென்ஸ்கி விர், டான்யூப் கரையில. எட்டாயிரம் வருஷத்துக்கு முந்தின மீனவக் குடியிருப்பு, வீட்டுத் தரை எல்லாம் சரிவகம் மாதிரி வெட்டி அமைச்சிருக்காங்க, மீன் வாயும் மனுஷக் கண்ணும் கலந்த உருண்டைக் கல் சிற்பங்கள் அடுப்பு பக்கத்துல வெச்சிருந்தாங்க. 1965ல இருந்து 1970 வரைக்கும் டிராகோஸ்லாவ் ஸ்ரேயோவிச் தலைமையில தோண்டினாங்க, அதே நேரம் கீழ அயர்ன் கேட் அணை எழும்பிட்டு இருந்துச்சு, தண்ணி ஏறும்னு தெரிஞ்சதும் மொத்தத்தையும் பேர்த்து மேல தூக்கி வெச்சுட்டாங்க. பக்கத்துல இருக்கிற டோன்யி மிலானோவாட்ஸ் டவுனும் அதே அணைக்காக இடம் மாறின டவுன்தான். க்ரிவெல் ஆளுங்க நிலைமையைப் பார்த்துட்டு இங்க வந்தீங்கன்னா, இந்தப் பக்கத்துல ஒரு ஊரையே தூக்கி வேற எடத்துல வைக்கிறது எவ்வளவு சாதாரணமா நடந்திருக்குன்னு புரியும், அதுலயும் கல்லுக்கு கிடைச்ச அக்கறை எல்லா மனுஷங்களுக்கும் கிடைச்சுதான்னு எனக்கு ஒரு கேள்வி இருக்கு.

பொர் பக்கத்துலயும் இதுக்கு நிகரா ஒண்ணு இருக்கு. ஸயேச்சார் வழியில கம்சிக்ராட், ரோமப் பேரரசன் கலேரியஸ் தன் அம்மா ரோமுலா பேர்ல கட்டின ஃபெலிக்ஸ் ரோமுலியானா அரண்மனை, 2007ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. பஸ்ல ஸயேச்சார் வரைக்கும் போய் அங்கிருந்து டாக்ஸி பிடிச்சா போதும், மொசைக் பார்க்கணும்னா ஸயேச்சார் மியூசியத்துலயும் ஏறிடுங்க. லெபென்ஸ்கி விர் அளவுக்கு மனசை ஆட்டாது, ஆனா கார் இல்லாதவங்களுக்கு எட்டுற தூரத்துல இருக்கிறது இதுதான்.

குகை விஷயத்துல ரெண்டு பக்கமும் ஆதரவாளர்கள் உண்டு. மைதன்பெக்ல ரைகோவா குகை, ஊர்ல இருந்து ரொம்பப் பக்கம், பகல்ல சத்திரம் நடத்திட்டு ராத்திரி வண்டிகளைக் கொள்ளையடிச்ச ரைகோன்னு ஒருத்தன் பதுக்கின புதையல் உள்ள இருக்குன்னு கதை. உள்ள ஆறு ஓடுது, வெள்ளை வெளேர்னு படிகம், வெயில் காலத்துலயும் 8 டிகிரி பக்கம்தான் இருக்கும், ஸ்வெட்டர் கட்டாயம். பொர் பக்கம் ஸ்லோட் கிராமத்துக்கிட்ட லாசரேவா குகை, அதோட சேர்த்து லாசர் கேன்யன், ரெண்டு பக்கமும் 300 மீட்டர் பக்கம் சுண்ணாம்புச் சுவர், நடுவுல சில எடத்துல கை நீட்டினா ரெண்டு சுவரையும் தொட்டுடலாம் போலன்னு தோணுற அளவுக்கு குறுகலா போகும். குகை மட்டும்னா ரைகோவா அழகு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஒரு முழு நாள் காட்டுல நடக்கணும்னா லாசர் பக்கம்தான். கேன்யனுக்குள்ள லோக்கல் கைடு இல்லாம இறங்காதீங்க, சிக்னல் கிடைக்காது, பாதைன்னு ஒண்ணு கிடையாது.

ஊர்லயே தங்க வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு மூணாவதா ஒரு வழி: பொர்ல இருந்து சில கிலோமீட்டர்ல ப்ரெஸ்டோவாட்ஸ் வெந்நீர் ஊத்து, இல்லன்னா பொர் ஏரி. ப்ரெஸ்டோவாட்ஸ்ல துருக்கி காலத்துக் குளியல் கட்டடமும், 19ஆம் நூற்றாண்டு செர்பிய இளவரசர்கள் வந்து தங்கின மாளிகைகளும் மரத்துக்கு நடுவுல அமைதியா நிக்குது. ஏரி சுரங்கத் தண்ணிக்காக கட்டினது, இப்போ அங்க நீச்சலும் மீன்பிடியும்தான். காத்து நல்லா இருக்கும், ஊருக்கு போய்வர டாக்ஸி செலவு அவ்வளவா ஆகாது. குடும்பமா போறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்.

போக்குவரத்துல பேச்சே இல்ல, பொர்தான். பெல்கிரேடுல இருந்து நேரடி பஸ், நாலு மணி நேரம் வாக்குல. இந்த மலை வழியா ரயில் பாதை இருக்கு, ஆனா மெதுவு, சர்வீஸும் குறைவு, அதை நம்பி பிளான் போடாதீங்க. பொருக்கும் மைதன்பெக்குக்கும் நடுவுல மேப்ல கிட்டதான் தெரியும், ரோடு முழுக்க மலை வளைவு, அவசரப்பட்டா வாந்திதான். நிறைய போர்டு சிரிலிக் எழுத்துல இருக்கும், ஊர்ப் பேரை அந்த எழுத்துல ஃபோன்ல சேவ் பண்ணி வெச்சுக்கோங்க.

சாப்பாட்டுல ரெண்டு ஊரும் ஒரே மாதிரி, செவாப்பி, ப்ளெஸ்காவிட்சான்னு சுட்ட கொத்துக்கறி, காலையில புரெக்ங்கிற அடுக்கு மாவுப் பண்டம். கிராமத்துப் பக்கம் போனா ஹோமோல்யே மலைப் பக்கத்து சீஸும் தேனும் விடாதீங்க. சைவக்காரங்க "போஸ்னோ"ன்னு கேளுங்க, அவங்க நோன்புச் சாப்பாடு, இறைச்சி, பால், முட்டை எதுவும் இருக்காது, ஆனா மீன் வந்துடலாம், அதை மட்டும் தனியா சொல்லிடணும். அடுப்புல சுட்ட பீன்ஸ், ப்ரெப்ரனாட்ஸ், ரொட்டியோட வெச்சா ஒரு வேளை நிம்மதியா முடிஞ்சிடும்.

கிராமங்கள்ல இருக்கிறவங்க நிறைய பேர் வ்லாக் இனம், ருமேனிய மொழிக்கு நெருக்கமா ஒரு மொழி பேசுறாங்க. செர்பியாலயே மத்தவங்க இவங்களைப் பத்தி பேசினா மந்திரம், சூனியம்னுதான் ஆரம்பிப்பாங்க, தயவுசெஞ்சு அதை மனசுல வெச்சுக்கிட்டு போய் நிக்காதீங்க. ஆடு எத்தனை, இந்த வருஷம் மழை எப்படி, சுரங்கத்துல யார் வேலை பார்க்கிறாங்கன்னு கேளுங்க, வீட்டுக்குள்ளயே கூப்பிடுவாங்க. ஒரு தட்டுல பழத்தை பாகுல போட்டு வெச்ச ஸ்லாட்கோவும் ஒரு கிளாஸ் தண்ணியும் வரும், ஒரு ஸ்பூன் எடுத்து சாப்பிட்டு தண்ணி குடிச்சுட்டு ஸ்பூனை காலி கிளாஸ்ல போட்டா போதும், முழு தட்டையும் முடிக்கணும்னு அர்த்தம் இல்ல. அப்புறம் ராக்கியாங்கிற பழச் சாராயம் வரும், குடிக்காதவங்க நெஞ்சுல கை வெச்சு வேண்டாம்னு சொன்னா புரிஞ்சுக்குவாங்க.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா இல்லாம போற வசதி 2023 ஜனவரியோட போயிடுச்சு, செல்லுபடியாகுற ஷெங்கன், பிரிட்டன், அமெரிக்கா விசா ஏதாவது கையில இருந்தா தனியா எடுக்க வேண்டாம், கிளம்புறதுக்கு முன்னாடி தூதரகப் பக்கத்துல ஒருக்கா சரிபாருங்க. 24 மணி நேரத்துக்குள்ள தங்குற விலாசத்தை போலீஸ்ல பதியணும், ஹோட்டல்ல அவங்களே பண்ணிடுவாங்க, கிராமத்து வீட்டுல தங்கினா வீட்டுக்காரங்க கிட்ட போன உடனே கேட்டுடுங்க, வெக்கப்படாதீங்க. கையில தினார் நோட்டா வெச்சுக்கோங்க, பொர்ல கார்டு ஓடும், ஸ்லோட் தாண்டினா ஓடும்னு சொல்ல முடியாது.