பி5.ஜேஎஸ்: டிசைன் மாணவருக்கு எதுவரை கைகொடுக்கும்?

ஊடாடும் மல்டிமீடியா செய்யக் கற்கும் டிசைன் மாணவருக்கு ஒரு காலத்தில் ஃபிளாஷ் என்ற மென்பொருள் இருந்தது. படம் வரையலாம், அசைக்கலாம், சத்தம் சேர்க்கலாம், எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொடுத்துவிடலாம். பிரவுசரில் அதை ஓட்டிய ஃபிளாஷ் பிளேயருக்கு 2020 டிசம்பர் 31ஆம் தேதியோடு அடோபி ஆதரவை நிறுத்தியது. அந்த இடத்தை நிரப்ப வந்த கருவிகளில், முதல் கருவியாக எதை எடுப்பது என்று கேட்டால் எங்கள் பதில் பி5.ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம். இலவசம், திறமூலம், பிரவுசர் இருந்தால் போதும். ஆனால் வகுப்பறை லேப்டாப்பில் அழகாக ஓடிய வேலை, பார்வையாளரின் போனில் படுத்துவிடும் இடங்கள் நாலைந்து உண்டு. இந்த விமர்சனத்தில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றித்தான்.

பி5 திடீரென முளைத்ததல்ல. எம்ஐடி மீடியா லேபில் 2001இல் கேசி ரியாஸும் பென் ஃப்ரையும் தொடங்கிய பிராசஸிங் என்ற நிரல் கருவியின் வாரிசு இது. 2013இல் லாரன் மெக்கார்த்தி இதைத் தொடங்கினார். ஓவியரும் டிசைனரும் நிரல் எழுத வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. அதனால்தான் தொடக்கம் இவ்வளவு எளிது: செட்டப் என்ற பகுதி ஒருமுறை ஓடும், டிரா என்ற பகுதி நொடிக்கு 60 முறை ஓடும் (ஒரு ஓட்டம் ஒரு ஃபிரேம்). பிரவுசரிலேயே ஓடும் பி5 எடிட்டரைத் திறந்தவுடன் 400க்கு 400 பிக்சல் கேன்வாஸ், அதாவது வரையும் பரப்பு, தயாராக நிற்கும். டிராவுக்குள் மவுஸின் எக்ஸ், ஒய் இடத்தில் ஒரு வட்டம் என்று ஒரு வரி எழுதினால் வட்டம் கையோடு ஓடும். முதல் பத்து நிமிடத்திலேயே மாணவர் திரையில் எதையாவது அசைத்துவிடுவார். இந்த வேகத்தை வேறு கருவியில் பார்ப்பது கடினம்.

தவறு செய்தால் சொல்லும் விதமும் நன்று. ஃபங்ஷன் பெயரில் எழுத்து மாறினாலோ, எண் வர வேண்டிய இடத்தில் சொல் வந்தாலோ, எந்த வரியில் என்ன கோளாறு என்று கன்சோலில் (செய்திகள் வரும் பெட்டியில்) வாக்கியமாகவே சொல்லும். ஆனால் கிளிக் செய்ததும் ஓடும் மவுஸ்பிரெஸ்டு போன்ற பெயரை நாமே எழுதும்போது நடுவில் வரும் பெரிய எழுத்தைச் சின்னதாக அடித்துவிட்டால், அது புதிய ஃபங்ஷன் ஒன்றாகிவிடும். நிரல் நிற்காமல் ஓடும், கிளிக் மட்டும் வேலை செய்யாது. கிளிக் எடுக்கவில்லை என்றால் முதலில் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது டிராவுக்குள்தான். படம் ஏற்றும் வரியையோ கேமரா திறக்கும் வரியையோ அங்கே வைத்தால், நொடிக்கு 60 முறை புதிதாக ஏற்றச் சொல்கிறோம் என்று பொருள். அரை நிமிடத்தில் மின்விசிறி அலறும், டேப் உறைந்துவிடும். ஏற்றுவது எல்லாம் முன்பே ஒருமுறை, காட்டுவது மட்டும் டிராவில். இங்கே பதிப்புச் சிக்கலும் ஒன்று உண்டு. 1 வரிசைப் பதிப்புகளில் ஏற்றும் வேலைக்கு பிரீலோட் என்று தனிப் பகுதி இருந்தது. 2.0இல் அதை எடுத்துவிட்டார்கள். செட்டப்பையே அசிங்க் (காத்திருக்கத் தெரிந்த ஃபங்ஷன்) ஆக்கி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் ‘முடியும்வரை காத்திரு’ என்று சொல்லும் அவெய்ட் போட வேண்டும். யூடியூபில் இருக்கும் பழைய பாடங்கள் பெரும்பாலும் பிரீலோட் முறையில்தான். பாடத்தைப் பின்பற்றும் முன் இன்டெக்ஸ் கோப்பின் ஸ்கிரிப்ட் வரியில் உங்கள் பதிப்பு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

படத்தின் அளவிலும் கவனம் வேண்டும். 4000க்கு 3000 புகைப்படம் வட்டில் 3 எம்பி ஜேபெக்காக இருக்கலாம். திரைக்கு வரும்போது புள்ளி ஒன்றுக்கு 4 பைட் வீதம் 48 எம்பி நினைவகத்தை அடைத்துக்கொள்ளும். பத்துப் படம் போட்டால் சாதாரண ஆண்ட்ராய்டு போன் திணறும். 1600 பிக்சல் அகலத்துக்குக் குறைத்த பிறகே ஏற்றுங்கள். இதோடு பிக்சல் டென்சிட்டியும், அதாவது திரையின் புள்ளி அடர்த்தியும், சேர்ந்துகொள்ளும். அடர்த்தி 3 உள்ள போனில் 400க்கு 400 கேன்வாஸ் உள்ளுக்குள் 1200க்கு 1200 ஆகும். வேலை ஒன்பது மடங்கு. கேமரா படத்தைப் புள்ளி புள்ளியாக மாற்றும் வேலை என்றால் தொடக்கத்திலேயே பிக்சல் டென்சிட்டியை 1 ஆக்கிவிடுவதுதான் சரி.

அசைவின் வேகத்தை ஃபிரேமுக்கு 2 பிக்சல் என்று எழுதாதீர்கள். போன் 30 ஃபிரேமுக்கு இறங்கினால் அசைவும் பாதி வேகமாகிவிடும். நொடிக்கு 120 பிக்சல் என்று வைத்து, முந்தைய ஃபிரேமிலிருந்து கழிந்த மில்லிநொடிகளைத் தரும் டெல்டாடைமை 1000ஆல் வகுத்துப் பெருக்கினால் எந்தக் கருவியிலும் ஒரே வேகம்.

சத்தம் வரவில்லை என்ற புகார் இந்தக் கருவிக்கே உரியது என்று சொல்லும் அளவுக்கு அதிகம். குற்றம் பி5 மேல் இல்லை. பயனர் தொடாமல் சத்தம் எழுப்பக் கூடாது என்பது பிரவுசர்களின் விதி. அதனால் முதல் திரையில் ‘தொடங்கு’ என்று ஒரு பட்டன் வைத்து, அதைத் தொட்டவுடன் சத்தத்தைத் திறந்துவிடும் யூசர்ஸ்டார்ட்ஆடியோ ஃபங்ஷனை அழையுங்கள். மைக் வைத்துச் செய்யும் வேலைகளில் இன்னொரு ஏமாற்றம்: மைக் அளவு 0 முதல் 1 வரை என்று படித்துவிட்டு அப்படியே வட்டத்தின் அளவோடு பெருக்குவார்கள், வட்டம் அசையவே அசையாது. சாதாரணப் பேச்சுக்கு வரும் எண் மிகச் சிறியது. 0 முதல் 0.2 வரை என்று எல்லை வைத்து விரியுங்கள். பிறகு இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட மதிப்பைத் தரும் லெர்ப் ஃபங்ஷன் கொண்டு பழைய மதிப்பிலிருந்து புதியதை நோக்கி ஒவ்வொரு ஃபிரேமிலும் பத்தில் ஒரு பங்கு மட்டும் நகர்த்துங்கள். துடிதுடிப்பு அடங்கி வட்டம் மூச்சு விடுவதுபோல் விரியும்.

தமிழ் எழுத்து வைத்து வேலை செய்பவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்கவும். 1 வரிசைப் பதிப்பில் லோட்ஃபாண்ட் மூலம் ஏற்றிய எழுத்துரு, பிரவுசரின் எழுத்துக் கோக்கும் வேலையைத் தாண்டிக் குதித்து, ஒவ்வொரு வடிவத்தையும் வந்த வரிசையிலேயே வரைந்துவிடும். ‘கெ’ என்று எழுதினால் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். ‘பெயர்’ என்ற சொல்லே படிக்க முடியாமல் போகும். வழி எளிது: லோட்ஃபாண்டைத் தொடாமல், ஸ்டைல் (சிஎஸ்எஸ்) கோப்பில் எழுத்துருவை அறிவித்து, டெக்ஸ்ட்ஃபாண்டுக்கு அதன் பெயரை மட்டும் கொடுங்கள். பிரவுசரே சரியாகக் கோத்துத் தரும். முப்பரிமாணம் வரையும் வெப்ஜிஎல் முறையில் இந்த வழி செல்லாது, அங்கே லோட்ஃபாண்ட் கட்டாயம். ஆகவே கிரியேட்கிராஃபிக்ஸில் இருபரிமாணத் தாள் ஒன்று உருவாக்கி, அதில் தமிழை எழுதி, அந்தத் தாளை முப்பரிமாண உருவத்தின் மேல் டெக்ஸ்சராக (மேற்பரப்புப் படமாக) ஒட்டுங்கள். அந்தத் தாளை செட்டப்பில் ஒரே ஒருமுறை வரைந்தால், எழுத்துரு வந்து சேர்வதற்குள் வரைந்து முடிந்து, வேறு எழுத்துருவிலேயே நின்றுவிடும். எழுத்துரு ஏறிவிட்டதா என்று உறுதி செய்த பிறகு வரைய வேண்டும்.

சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பறக்க விடும் வேலைக்கும் இதே எச்சரிக்கை. ‘தமிழ்’ என்பதற்கு நமக்கு மூன்று எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு ஐந்து. சும்மா பிரித்தால் இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனியாகப் பறக்கும். ஜாவாஸ்கிரிப்டில் உரையைப் பிரிக்கும் இன்டல் செக்மென்டரை கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) முறையில் பயன்படுத்தினால் த, மி, ழ் என்று ஒழுங்காகப் பிரியும்.

கை அசைவைக் கேமராவால் பிடிக்க வேண்டுமா? எம்எல்5 என்ற இயந்திரக் கற்றல் நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம், ஒரு கைக்கு 21 புள்ளிகள் கிடைக்கும். ஆனால் படிவங்கள், பட்டியல்கள், நீண்ட உரை நிறைந்த செயலி செய்வதென்றால் பி5 வேண்டாம், சாதாரண வலைப்பக்கமே நல்லது. கேன்வாஸுக்குள் இருப்பது திரைவாசிப்பான் பயன்படுத்துவோருக்குத் தானாகத் தெரியாது. எந்த வேலையானாலும், அவர்களுக்குப் படத்தை விவரிக்கும் டிஸ்கிரைப் ஃபங்ஷனில் இரண்டு வாக்கியம் எழுதி வையுங்கள்.

கண்காட்சிக்குக் கொண்டு போகும்போது எடிட்டரிலிருந்து ஜிப்பாக இறக்குவீர்கள். பிரித்து இன்டெக்ஸ் கோப்பை இரட்டைக் கிளிக் செய்தால் பல நேரம் படங்கள் ஏறாது. வட்டிலிருந்து நேராகத் திறந்த பக்கம் பக்கத்துக் கோப்பைப் படிக்க பிரவுசர் அனுமதிக்காது என்பதே காரணம். விஎஸ் கோடின் லைவ் சர்வரோ பைத்தானின் எச்டிடிபி சர்வரோ, கணினியிலேயே ஓடும் ஒரு சிறு சர்வர் வைத்துத் திறந்துகொள்ளுங்கள். அப்போது கேமரா அனுமதியும் சிக்கலில்லாமல் கிடைக்கும். பிறகு வைஃபையை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுங்கள். வெள்ளைத் திரை வந்தால் பி5 கோப்பு இணையத்திலிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதை இறக்கி அதே ஃபோல்டரில் வைத்து ஸ்கிரிப்ட் வரியை மாற்றுங்கள். தமிழ் எழுத்துரு கூகுள் ஃபாண்ட்ஸ் இணைப்பில் இருந்தால் பிழைச் செய்தி திரையில் எதுவும் தெரியாது, கணினியில் இருக்கும் ஏதோ ஒரு எழுத்துருவில் உரை வந்து நிற்கும், வரி நீளமெல்லாம் மாறியிருக்கும். எழுத்துருக் கோப்பும் அந்த ஃபோல்டரிலேயே இருக்க வேண்டும்.