வில்கின்சனா, டிரான்ஸ்ஃபார்மரா?

28 கிகாஹெர்ட்ஸில் ஒரு சிலிக்கான் ஆம்பிளிஃபயர். 1 வோல்ட் உச்ச அலைவை நேராக 50 ஓம் சுமையில் கொடுத்தால் 10 மில்லிவாட்தான் கிடைக்கும். அது போதாது, நான்கு டிரான்சிஸ்டர் ஜோடிகளைச் சேர்த்தாக வேண்டும். அவற்றின் பவரை எப்படிச் சேர்ப்பது? கால் அலைநீளத் தடங்களால் இரண்டிரண்டாகச் சேர்க்கும் வில்கின்சன் சுற்றா, சிப்பிலேயே வரைந்த சுருள்களால் சேர்க்கும் டிரான்ஸ்ஃபார்மரா என்ற குழப்பத்திலேயே இரண்டு வாரம் ஓடியது. கடைசியில் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்தேன்.

இடம் பற்றிச் சொல்லவே வேண்டாம். வில்கின்சனுக்குக் கால் அலைநீளத் தடம் தேவை. இந்த அதிர்வெண்ணில் சிப்பின் மேல் அது சுமார் 1.3 மில்லிமீட்டர். சுருள்களோ ஒரு மூலையில் அடங்கிவிடும்.

என்னைத் திருப்பியது இழப்பு. நான்கைச் சேர்க்க வில்கின்சன் இரண்டு படி ஏற வேண்டும். படிக்கு அரை டெசிபல் போனால் மொத்தம் 1 டெசிபல், அதாவது பவரில் ஐந்தில் ஒரு பங்கு சூடாகவே தீர்ந்துவிடும். டிரான்சிஸ்டரில் 30 சதவீதமாக இருந்த செயல்திறன் வெளியே வரும்போது 24 ஆகிவிடும். சரி, டிரான்சிஸ்டரைப் பெரிதாக்கி ஈடுகட்டலாமே என்றால், கொள்ளளவு கூடும், அது கேட்கும் சுமை ஓம் குறையும், அதை 50 ஓமுக்கு ஏற்றும் பொருத்தச் சுற்றிலும் இழப்பு ஏறும். டிரான்ஸ்ஃபார்மரிலும் கிட்டத்தட்ட 1 டெசிபல் போகத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கணக்குக்குள்ளேயே சுமைப் பொருத்தமும், ஜோடி எதிரெதிராகத் தரும் வேறுபாட்டுச் சிக்னலை ஒற்றை முனையாக்கும் வேலையும் முடிந்துவிடுகின்றன. சுருளின் நடுமுனையிலேயே டிரான்சிஸ்டர்களுக்கான மின்வழங்கலையும் கொடுத்துவிடலாம். வில்கின்சனில் இவை எல்லாம் தனிச் செலவு.

தொல்லை இல்லாமல் இல்லை. நான்கு சுருள்களையும் ஒரே தொடராக வைத்த முதல் சிமுலேஷனில், ஒவ்வொரு ஜோடியும் பார்க்கும் சுமையைப் புள்ளியாகக் காட்டும் ஸ்மித் வரைபடத்தில் நான்கு புள்ளிகள் நான்கு திசையில் கிடந்தன. சுருள்களுக்கு இடையிலான கொள்ளளவுதான் காரணம்: வெளியீட்டு முனைக்கு அருகில் இருப்பதும் தரைமுனைக்கு அருகில் இருப்பதும் ஒரே சுமையைப் பார்ப்பதில்லை. இரண்டிரண்டாகத் தொடரில் வைத்து, அந்த இரண்டையும் இணையாகச் சேர்த்த பிறகுதான் புள்ளிகள் நெருங்கின.

வில்கின்சனின் உண்மையான பலம் 100 ஓம் தனிமைப்படுத்தும் மின்தடை. நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றின் சுமை கலங்காது, வெளியீடு 2.5 டெசிபல் குறைவதோடு சரி. டிரான்ஸ்ஃபார்மரில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. தனித்தனிச் சிப்களைப் போர்டில் சேர்ப்பதென்றால் நானும் வில்கின்சனைத்தான் எடுப்பேன். 100 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் நான் எதையும் வடிவமைத்ததில்லை. அங்கே கால் அலைநீளம் அரை மில்லிமீட்டருக்கும் கீழே போய்விடும், அதனால் இட வாதம் இவ்வளவு எடுபடாது.