ஃப்ரெஷ் டிரான்ஸ்ஃபரா, ஃப்ரோசனா? யாருக்கு எது சரி

ஐவிஎஃப்ல எக் பிக்கப், அதாவது ஓவரில இருந்து முட்டையை எடுக்கறது, முடிஞ்சு லேப்ல கரு வளர ஆரம்பிச்சதும் வர்ற முதல் குழப்பம் இதுதான், அதே சைக்கிள்ல மூணாவது நாளோ அஞ்சாவது நாளோ கருவை கர்ப்பப்பைக்குள்ள வெச்சிடறதா (ஃப்ரெஷ்), இல்ல ஃப்ரீஸ் பண்ணிட்டு ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு வெக்கறதா (ஃப்ரோசன்). இப்பல்லாம் நிறைய இடத்துல நாம கேக்கறதுக்கு முன்னாடியே "ஃப்ரீஸ் பண்ணிடலாம்மா, அதுலதான் ரிசல்ட் நல்லா வருது"ன்னு சொல்லிடறாங்க. சிலருக்கு அது நிஜம்தான், ஆனா எல்லாருக்கும் ஒரே பாட்டு பாடறதுதான் எனக்கு ஒத்துக்கல.

ஃப்ரீஸ் பண்ணலாம்னு சொல்றதுக்கு நியாயமான காரணம் இருக்கு. முட்டை நிறைய வரணும்னு ஊசி போட்டு போட்டு ஹார்மோன் எக்கச்சக்கமா ஏறி இருக்கும், அந்த நேரத்துல கர்ப்பப்பை லைனிங் கருவுக்கு தோதா இருக்காதோன்னு ஒரு சந்தேகம். அதை விட பெரிய விஷயம் ஓஹெச்எஸ்எஸ், அதாவது ஓவரி வீங்கி வயித்துல தண்ணி கோத்துக்கிட்டு மூச்சு வாங்கறது, அந்த நிலைமைல கரு தங்கிட்டா கர்ப்ப ஹார்மோன் சேந்து இன்னும் மோசமாக்கும்.

பிசிஓஎஸ், அதாவது ஓவரில சின்ன சின்ன நீர்க்கட்டி மாதிரி நிறைய இருந்து பீரியட்ஸ் தள்ளிப்போற பிரச்சனை, இருக்கறவங்களுக்குத்தான் இது ரொம்ப பொருந்தும். 2016ல சீனால 1508 பிசிஓஎஸ் பெண்களை ரெண்டு குரூப்பா பிரிச்சு பாத்தாங்க, முதல் டிரான்ஸ்ஃபர்லயே குழந்தை பொறந்தது ஃப்ரோசன்ல 49.3 சதவீதம், ஃப்ரெஷ்ல 42. ஓஹெச்எஸ்எஸ் ஃப்ரோசன்ல 1.3, ஃப்ரெஷ்ல 7.1. பிசிஓஎஸ் இருந்து முட்டையும் கொத்தா வந்திருந்தா யோசிக்கவே வேணாம், ஃப்ரோசன் போங்க. ஆனா அதே ஆராய்ச்சில இன்னொரு நம்பரும் இருக்கு, அதை யாரும் சொல்ல மாட்டாங்க, ப்ரீஎக்லாம்ப்சியா அதாவது கர்ப்பத்துல பிரஷர் ஏறி சிக்கலாகறது ஃப்ரோசன்ல 4.4, ஃப்ரெஷ்ல 1.4. இதுக்கு பின்னாடி வரேன்.

பீரியட்ஸ் ஒழுங்கா வர்றவங்க கதை வேற. 2018ல ரெண்டு ஆராய்ச்சி வந்துச்சு. சீனால 2157 பேர், குழந்தை பொறந்தது ஃப்ரோசன்ல 48.7 சதவீதம், ஃப்ரெஷ்ல 50.2. வியட்நாம்ல 782 பேர், ஃப்ரோசன் 33.8, ஃப்ரெஷ் 31.5. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்லிடலாம். உடனே 2019ல சீனால இருந்து இன்னொண்ணு, அஞ்சாம் நாள் கரு ஒண்ணே ஒண்ணு மட்டும் வெச்சு பாத்ததுல ஃப்ரோசன் 50, ஃப்ரெஷ் 40னு வந்துச்சு, ஃப்ரோசன் கட்சிக்காரங்க இதைத்தான் எடுத்து காட்டுவாங்க. அப்புறம் 2022ல இங்கிலாந்துல, நிறை மாசத்துல சரியான எடைல ஒத்தை குழந்தை பொறந்ததை மட்டும் கணக்கு எடுத்து பாத்தா ஃப்ரோசன் 20.3, ஃப்ரெஷ் 24.4, ஆனா அதுல திட்டம் போட்ட அளவுக்கு ஆள் சேரல, 616 ஜோடிதான், அதனால அந்த வித்தியாசத்தை பெருசா எடுத்துக்க முடியாது.

முட்டை கம்மியா வர்றவங்க தயவுசெஞ்சு இதை கவனிங்க. 2025ல வந்த சீன ஆராய்ச்சில, சான்ஸ் கம்மின்னு கணிச்ச 838 பெண்கள்ல ஃப்ரெஷ்ல 40, ஃப்ரோசன்ல 32. கைல இருக்கறதே ரெண்டு கரு, அதையும் எதுக்கு ஃப்ரீஸ் பண்றீங்கன்னு டாக்டரை தாராளமா கேக்கலாம். லைனிங் சரியில்ல, ப்ரொஜெஸ்டரோன் (லைனிங்கை கருவுக்கு தயார் பண்ற ஹார்மோன்) முன்னாடியே ஏறிடுச்சு, ஜெனடிக் டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கோம்னு பதில் வந்தா சரி. "எங்க ப்ரோட்டோகால்"னு மட்டும் வந்தா அது பதிலே இல்ல. ஃப்ரீஸிங் சார்ஜ், ஸ்டோரேஜ் வாடகை, மறுபடி ஸ்கேன், மாத்திரைன்னு பில்லும் தனியா ஏறும், பேக்கேஜ்ல எது சேத்தின்னு எழுதி வாங்கிக்கோங்க.

குழந்தை எடைலயும் வித்தியாசம் இருக்கு. ஃப்ரெஷ்ல பொறக்கறது கொஞ்சம் எடை கம்மியா பொறக்க சான்ஸ் கூட, ஃப்ரோசன்ல கர்ப்ப வாரத்துக்கு மீறின எடைல பொறக்க சான்ஸ் கூட. நம்ம வீட்டு பெரியவங்க கொழுகொழுன்னு இருந்தா சந்தோஷப்படுவாங்க, ஆனா ரொம்ப பெரிய குழந்தைன்னா பிரசவம் கஷ்டம்.

இப்ப அந்த பிரஷர் விஷயம். ஃப்ரோசன்லயே ரெண்டு வகை இருக்குங்கறது நிறைய பேருக்கு தெரியாது. ஒண்ணு மாத்திரை சைக்கிள், பீரியட்ஸோட ரெண்டாவது நாள்ல இருந்து ஈஸ்ட்ரோஜன் மாத்திரை போட்டு லைனிங் வளத்து, அப்புறம் ப்ரொஜெஸ்டரோன் வெச்சு டிரான்ஸ்ஃபர் பண்றது, இதுல முட்டை வெடிக்காது. இன்னொண்ணு நேச்சுரல் சைக்கிள், முட்டை தானா வெடிக்கற வரைக்கும் ஸ்கேன்ல பாத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி நாள் குறிக்கறது. முட்டை வெடிச்ச இடத்துல கார்பஸ் லூட்டியம்னு ஒண்ணு உருவாகி, ப்ரொஜெஸ்டரோன் மட்டும் இல்லாம ரிலாக்ஸின் மாதிரி ரத்தக்குழாயை கர்ப்பத்துக்கு பழக்கற சரக்கும் விடுது. மாத்திரை சைக்கிள்ல அது இல்லவே இல்ல, ப்ரீஎக்லாம்ப்சியா அதிகமா வர்றதும் அதுலதான்னு பல ஆராய்ச்சி காட்டுது. ஆனா தேதியை முன்னாடியே குறிச்சு ஞாயித்துக்கிழமை வராம பாத்துக்கலாம்ங்கறதால கிளினிக்குக்கு மாத்திரை சைக்கிள்தான் வசதி, வேலைக்கு லீவு போடறவங்களுக்கும் அப்படித்தான், பொய் சொல்லக்கூடாது.

என்னைக் கேட்டா ஃப்ரெஷ்ஷா ஃப்ரோசனாங்கறதை விட இந்த கேள்விக்குத்தான் அதிகம் மெனக்கெடணும். பீரியட்ஸ் ஒழுங்கா இருந்தா நேச்சுரல் கேளுங்க, பிசிஓஎஸ்னா லெட்ரோசோல்ங்கற மாத்திரை குடுத்து முட்டை வெடிக்க வெச்சும் பண்ணலாம். மாத்திரை சைக்கிள்லதான் கரு தங்குச்சுன்னாலும் பயப்பட வேணாம், பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. பிரசவம் பாக்கற டாக்டர் அனேகமா வேற ஆளாத்தான் இருப்பாங்க, அவங்ககிட்ட முதல் விசிட்லயே இது மாத்திரை போட்டு வெச்ச ஃப்ரோசன்னு சொல்லிடுங்க, ப்ரீஎக்லாம்ப்சியாவை தடுக்க 16 வாரத்துக்குள்ள ஆஸ்பிரின் ஆரம்பிக்கணுமா, பிபி எத்தனை நாளைக்கு ஒரு தடவை பாக்கணும்னு அவங்க முடிவு பண்ண அது உதவும்.